ராஜாவையே நிறுத்திக் கேள்வி கேட்கும் கட்டியங்காரன்: சரித்திரக் கதை, நேரடி இசை, நையாண்டி - இப்படி ஒரு கூத்து எப்படி உருவாகிறது?

சென்னையில் இருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில், திருத்தணிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது கனகம்மாசத்திரம். வடதமிழகத்தின் மற்ற பகுதிகளைப் போலவே இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா களைகட்டும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து.

இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். அதற்குப் பின்னால் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டிக்கொண்டு துரியோதனன் நிற்பார். ஆர்மோனியம் இழுக்கும், முகவீணை கிழிக்கும், மிருதங்கம் அதிரும். ராஜா தன் பெருமையைப் பாடிக்கொண்டே திரையைத் தள்ளி வருவார். ஊரே வாயைப் பிளந்து பார்க்கும் அந்த நேரத்தில், கோமாளி மாதிரி ஒருத்தர் குறுக்கே வந்து, "அதெல்லாம் சரி, நீ யாருய்யா?" என்று கேட்பார்.

கூட்டம் சிரித்துவிடும். ராஜா தன் குலம், நாடு, தம்பிமார் கணக்கு என எல்லாவற்றையும் அந்த ஆளுக்கு விளக்கிச் சொல்லியே ஆக வேண்டும். அவர்தான் கட்டியங்காரன். "கட்டியம்" என்றால் அரசன் வரும்போது அவன் பட்டப்பெயர்களைச் சொல்லிக் கூவுவது. அதாவது ராஜாவைப் புகழ வேண்டிய வேலையில் இருப்பவர்தான் இங்கே ராஜாவின் மானத்தை வாங்குகிறார்.

இதற்கு மேலைநாட்டில் ஒரு பெயர் உண்டு: பர்லெஸ்க்.

பர்லெஸ்க் என்றால் ஆபாச நடனம்தானே?

இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் பலருக்கும் ஞாபகம் வருவது இறகு விசிறியும் அரைகுறை உடையும்தான். ஆனால் அந்தச் சொல்லின் வேர், கேலி என்று பொருள்படும் "பர்லா" என்ற இத்தாலியச் சொல். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் பர்லெஸ்க் என்றால், எல்லோரும் மரியாதையோடு பார்க்கும் ஒரு பழைய கதையை எடுத்து, பாட்டும் ஆட்டமும் சேர்த்து, தலைகீழாகக் கவிழ்த்து மேடையில் போடுவது. கிரேக்கப் புராணம், ஷேக்ஸ்பியர் நாடகம், ஓபரா என எதையும் விட்டுவைக்கவில்லை.

1868ல் லிடியா தாம்சன் என்ற நடிகை தன் குழுவோடு லண்டனில் இருந்து நியூயார்க் போனார். கிரேக்கப் புராணக் கதை ஒன்றைப் பெண்களே ஆண் வேஷம் கட்டி நடித்துக் கிண்டல் செய்தார்கள். கூட்டம் அலைமோதியது, எதிர்ப்பும் அதே அளவுக்கு வந்தது. அதன் பிறகு அமெரிக்காவில் கேலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, உடை அவிழ்ப்பு முன்னுக்கு வந்தது. 1937ல் நியூயார்க் நகர நிர்வாகம் பர்லெஸ்க் அரங்குகளை இழுத்து மூடியது. 1990களில் மறுபடி கிளம்பிய புதிய அலைதான், பழைய காலத்து உடை, நேரடி இசைக்குழு, சரித்திரக் கதை என்று இப்போது உலக நகரங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேலி, பாட்டு, ஆட்டம் என்று இருந்த கலையில் கேலி கழன்று போனால் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதற்கு அந்த 70 வருஷக் கதை ஒரு சாட்சி. இதே கதை தமிழ்நாட்டிலும் வேறு விதமாக நடந்திருக்கிறது.

ராஜாவே எழுதிய நையாண்டி

இந்த மண்ணுக்கு நையாண்டி புதுசு இல்லை. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்தை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் "மத்தவிலாச பிரகசனம்" என்று ஒரு கேலி நாடகம் எழுதினான். அவன் குடைந்த குகைக் கோயில் இருக்கும் மகேந்திரவாடி, அரக்கோணத்துக்குப் பக்கத்து ஊர். திருத்தணியில் இருந்து எட்டிவிடும் தூரம்தான்.

கதை ரொம்பச் சின்னது. காஞ்சித் தெருவில் காபாலிகச் சாமியார் ஒருவர் தன் துணைவியோடு முழு போதையில் வருகிறார். கையில் இருந்த கபாலத்தைக் காணோம். அந்த வழியாக வந்த புத்த பிக்கு திருடிவிட்டார் என்று சண்டை. பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதச் சாமியார் வருகிறார். கடைசியில் பார்த்தால் கபாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது நாய். அதை மீட்டு வைத்திருப்பவன் ஒரு பைத்தியக்காரன்.

இதில் பிக்கு ஒரு சந்தேகம் கிளப்புவார். மதுவும் மங்கையும் கூடாது என்று புத்தர் சொல்லியே இருக்க மாட்டார், பொறாமை பிடித்த கிழவர்கள்தான் அந்தப் பகுதியை ஏட்டில் இருந்து ஒளித்துவிட்டார்கள் என்று. அதைவிடக் காரமான இடம் இன்னொன்று. வழக்குப் போட்டாலும் பிக்குவிடம் பணம் இருக்கிறது, நீதிமன்ற அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார் என்று காபாலிகனின் துணைவி பேசுவாள். அந்த நீதிமன்றம் யாருடையது? நாடகம் எழுதிய ராஜாவுடையது!

1917ல் திருவனந்தபுரத்தில் இருந்து அச்சில் வந்த இந்த நாடகத்தை, கேரளத்தின் கூடியாட்டக் கலைஞர்கள் இன்றும் மேடையில் வைத்திருக்கிறார்கள். காஞ்சி ராஜா எழுதியது காஞ்சியில் தங்காமல் மலையாள தேசத்தில் பிழைத்தது, விசித்திரம்தான்.

மத்தவிலாசத்தில் காபாலிகன் பேசுவது சமஸ்கிருதம். அவன் துணைவியும் பிக்குவும் பேசுவது பிராகிருதம், அதாவது அன்றைய பேச்சு மொழி. கூத்திலும் அதே பிரிவினை உண்டு. ராஜா செந்தமிழில் விருத்தம் பாடுவார், கட்டியங்காரன் தெருத் தமிழில் மடக்குவார். சிரிப்பில் பாதி இந்த மொழி இடிப்பில் இருந்து வருகிறது. 1960 ஏப்ரல் 1ல்தான் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தில் இருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்றும் தமிழ், தெலுங்கு இரண்டும் புழங்கும் பகுதி. எல்லைக்கு அந்தப் பக்கத் தோல்பொம்மலாட்டத்தில் இதே வேலையைச் செய்ய கேத்திகாடு, பங்காரக்கா என்று ஒரு ஜோடியே இருக்கிறது.

சரி, ஒரு சரித்திர நையாண்டி எப்படி உருவாகிறது?

முதலில் கதை. ஊருக்கே தெரிந்த கதையாக இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. தெரியாத ராஜாவைக் கிண்டல் பண்ணினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதனால்தான் பாரதக் கதைகளோடு, 1714ல் ஆற்காடு நவாப் படையோடு மோதிச் செத்துப்போன செஞ்சி தேசிங்குராஜன் கதையும், 1799ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் கதையும் தமிழ்நாட்டு மேடைகளில் நின்றன. ராத்திரி உட்கார்ந்து பார்க்கிற ஊர்க்காரருக்குப் புராணம் வேறு, சரித்திரம் வேறு என்ற கணக்கெல்லாம் கிடையாது.

பழைய ராஜாவை எடுப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. செத்தவன் வழக்குப் போட மாட்டான்! அவனை வைத்து இன்றைய ஆட்களை அடிக்கலாம். சோ ராமசாமி 1968ல் "முகமது பின் துக்ளக்" நாடகத்தில் செய்தது அதுதான். 14ஆம் நூற்றாண்டு டெல்லி சுல்தானை எழுப்பிக் கொண்டுவந்து, இன்றைய இந்தியாவில் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தார். 2006ல் வந்த "இம்சை அரசன் 23ஆம் புலிகேசி"யில் வடிவேலு தூக்கிய வாளும் இதே பட்டறையில் அடித்ததுதான்.

அடுத்தது ஆட்கள். வடமாவட்டங்களில் கூத்துக் குழுவுக்கு "ஜமா" என்று பெயர். 2024ல் இதே பெயரில் வந்த சினிமாவைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வாத்தியார் ஒருவர், ராஜ வேஷம், பெண் வேஷம், கட்டியங்காரன், பின்பாட்டு, வாத்தியக்காரர்கள் எனப் பத்துப் பதினைந்து பேர். மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு ஒட்டிய அணிகலன்களுக்குத்தான் "கட்டை" என்று பெயர். கட்டைக்கூத்து என்ற பெயரும் அதில் இருந்தே வந்தது. முகத்துக்கு அரிதாரம் பூசி, கட்டைகளைக் கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும். கட்டியங்காரனுக்கு இந்தப் பாரமெல்லாம் இல்லை. சாதாரணத் துணி, கொஞ்சம் பவுடர், கையில் ஒரு குச்சி இருந்தால் போதும். பாரம் இல்லாதவன்தானே ஓட முடியும்?

ஒரு ஜமாவில் தேர்ந்த ஆள்தான் கட்டியங்காரன் ஆக முடியும். மற்றவர்களுக்கு அவரவர் பாட்டு தெரிந்தால் போதும். இவருக்கு எல்லோருடைய பாட்டும் தெரிய வேண்டும். யாராவது வரி மறந்தால் ஒரு கேள்வியைப் போட்டு நேரம் வாங்கித் தருவார். வேஷம் கட்டி முடிக்காத நடிகருக்காகக் கால் மணி நேரம் தனியாக ஓட்டுவார். தலையாரி, தேரோட்டி, தாதி என்று துண்டை மாற்றிக் கட்டியே பத்து ஆளாக மாறுவார். அந்த ஊரில் யார் கஞ்சன், எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று சாயங்காலமே விசாரித்து வைத்திருப்பார். நடுராத்திரியில் அது அஸ்தினாபுரத்துச் சேதியாக வெளியே வரும்.

நேரடி இசை ஏன் இவ்வளவு முக்கியம்?

கூத்தில் இசை பின்னணிக்கு இல்லை. நடிகர் ஒரு அடி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் நடிகர் மூச்சு வாங்குவார், ஆடுவார், சுழல்வார். அதே இடைவெளியில்தான் கட்டியங்காரனும் புகுந்துகொள்வார். ராஜா உச்ச ஸ்தாயியில் இழுக்கும்போது அவர் கையைக் காட்டினால் மிருதங்கம் டக்கென்று நிற்கும். பெரிய பேச்சு ஒன்று அந்தரத்தில் தொங்கும். சிரிப்பு வருவது அங்கேதான்.

பாடகர், வாத்தியம், கோமாளி மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு செய்யும் வேலை இது. கூட்டம் சிரித்தால் நீட்டுவார்கள், கொட்டாவி விட்டால் வெட்டுவார்கள். இன்று ஊர்த் திருவிழாக்களில் கூத்தின் இடத்தைப் பிடித்திருக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் ஓடுவது பதிவு செய்த சினிமாப் பாட்டு. பென்டிரைவில் ஓடும் பாட்டை எந்தக் கோமாளியாலும் குறுக்கே புகுந்து கேள்வி கேட்க முடியாது. பாட்டு முடியும் வரை ஆடத்தான் வேண்டும். கேலிக்கு இடம் இல்லாமல் போய், ஆடும் பெண் மட்டும் வெளிச்சத்தில் தனியாக நிற்கிறார். நியூயார்க்கில் நடந்தது இங்கேயும் நடப்பது இப்படித்தான்.

பபூன் சிரிக்க வைக்கலாம், பெண் சிரித்தால்?

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் போனால் இதற்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) எழுதிய இசை நாடகங்களை இன்றும் ஆடும் "ஸ்பெஷல் நாடகம்". அதில் பிரபலமான "வள்ளி திருமணம்", தணிகை மலை முருகனின் கதைதான். நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் எனத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகையும் கிடையாது. மேடையில் ஏறிய பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் உண்டு.

கதை தொடங்குவதற்கு முன்னால் பபூனும் நடனப் பெண்ணும் சேர்ந்து வெகுநேரம் நடத்தும் காமெடி உண்டு. பாட்டு, ஆட்டம், இரட்டை அர்த்தப் பேச்சு, நேரடி ஆர்மோனியம். பர்லெஸ்க்குக்கு இதைவிட நெருக்கமான வடிவம் தமிழில் இல்லை என்றே சொல்லலாம். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் இந்தக் கலைஞர்களோடு பழகி, தமிழ் மேடையின் களங்கங்கள் பற்றி 2005ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். "கூத்தாடி" என்ற வசவு எல்லாக் கலைஞர்கள் மேலும் விழுகிறது. ஆனால் பெண் கலைஞர்கள் மேல் விழும்போது அது நடத்தையைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது. அதே மேடை, அதே வசனம், அதே சம்பளப் பேச்சு. காலையில் பபூன் டீக்கடைக்குப் போகலாம். அந்தப் பெண்ணுக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை.

கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருவாலங்காட்டுக்குப் போனவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கதை ஞாபகம் வரும். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை அதுதான். சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி. இருவரும் சமமாக ஆடிக்கொண்டிருந்தபோது சிவன் காலைத் தலைக்கு மேலே தூக்கினார். நாணத்தால் காளி அப்படித் தூக்கவில்லை, தோற்றுப் போனாள் என்கிறது தல புராணம். ஆட்டம் தெரியாமல் அவள் தோற்கவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

கூத்தில் பெண் வேஷம் நெடுங்காலமாக ஆண்களுக்கே உரியது. காஞ்சிபுரம் பகுதியில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 1990ல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியாக நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். 2002 முதல் 2020 வரை அது நடந்தது. அங்கே படித்த பெண்கள் தாதி வேஷத்தோடு நிற்கவில்லை, கட்டை கட்டி ராஜாவாகவும் ஆடினார்கள்.

உடை அவிழும் காட்சியில் சிரிப்பு நிற்கும்

மேலைநாட்டு பர்லெஸ்க்கில் உடை அவிழும் இடம்தான் கைத்தட்டல் வரும் இடம். கூத்தில் அது அப்படியே தலைகீழ். பாரதக் கூத்தில் "துகில்" என்று ஓர் இரவு உண்டு. துச்சாதனன் பாஞ்சாலியின் சேலையை உருவும் கதை. பாஞ்சாலியாக நிற்பவர் ஆண் நடிகர்தான். ஆனாலும் பல ஊர்களில் அந்த இடம் வந்ததும் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷக்காரர் அம்மனிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டுதான் சேலையில் கை வைப்பார். அதுவரை எல்லோரையும் கலாய்த்த கட்டியங்காரனும் அடங்கி நிற்பார்.

எதைக் கிண்டல் பண்ணலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது ஜமாவுக்கும் ஊருக்கும் இடையே இருக்கும் ஒப்பந்தம். எழுத்தில் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மேடைக் கேலிக்கு எதிரான சட்டமே ஒரு கேலியில் இருந்துதான் பிறந்தது. பிரிட்டிஷ் இளவரசர் இந்தியா வந்தபோது, கல்கத்தா வக்கீல் ஒருவர் அவரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துப்போனார். அதைக் கிண்டல் செய்து வங்காள நாடகக் குழு ஒன்று மேடை ஏற, கோபம் கொண்ட அரசு 1876ல் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1954ல் சென்னை மாகாணமும் தனியாக ஒரு சட்டம் போட்டது. எம்.ஆர்.ராதா ராமாயணத்தைக் கிண்டல் செய்து நடத்திய நாடகத்தைக் குறிவைத்து வந்த சட்டம் அது என்பது ஊரறிந்த செய்தி.

பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. 1876 சட்டம் 2017ஆம் ஆண்டின் நீக்கல் சட்டத்தால் போய்ச் சேர்ந்தது.

அதனால் இன்று நாடகத்தின் பிரதியை முன்கூட்டியே போலீஸிடம் கொடுக்கச் சொல்லும் அந்தச் சட்டங்கள் இல்லை. ஆனால் வேறு கயிறுகள் இருக்கின்றன. பொது இடத்தில் ஆபாசச் செயலோ பாட்டோ இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 296வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்றம் வரை போவது வழக்கமாகிவிட்டது. ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியையோ கட்சியையோ இழுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கிறது. எது ஆபாசம் என்று அந்த ராத்திரி முடிவு செய்வது பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர்தான். அவர் பார்வை முதலில் போவது ஆடும் பெண்ணின் உடை மீது. மைக் பிடித்துப் பேசும் ஆணின் வசனம் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

கூத்துக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கடிகாரம். ஒலி மாசு விதிகள் 2000ன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு மாநில அரசு விலக்கு தரலாம், ஆனால் நள்ளிரவு 12 மணி வரைதான், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. விடிய விடிய நடக்கும் கூத்து தொடங்குவதே 10 மணிக்கு மேல்தான். மைக் வருவதற்கு முன்னால் இந்தக் கலை தொண்டையை மட்டும் நம்பி ஆயிரம் பேருக்குக் கேட்டது. இப்போது கீபோர்டும் ஸ்பீக்கரும் வந்த பிறகு, மைக் இல்லாமல் பாடு என்றால் முடியாது.

அதனால் சாயங்காலமே தொடங்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிக்கும் சுருக்கக் கூத்துகள் வருகின்றன. செய்யாறு அருகே புரிசைக் குழுவினர் பிரெக்ட், மார்க்கேஸ் கதைகளையே இந்த வடிவத்தில் மேடை ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் போர்க்களம் இல்லை, விருத்தமும் இல்லை. சாயங்காலமே வந்து ஊர் வம்பு விசாரித்து வைத்த கட்டியங்காரனின் அந்தக் கால் மணி நேரம்தான்.